பத்து வருஷம் இருந்தும் தமிழ் வரவில்லை என்கிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாள் முன்பு உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் திருப்பூர் அன்பர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். வடமாநிலத் தொழிலாளர்கள் பத்து வருஷமாக இங்கேயே குடியிருந்தும் மரியாதையாக நாலு வார்த்தை தமிழில் பேசத் தெரியவில்லை, வயசில் மூத்தவர்களைக்கூட "வா", "போ" என்கிறார்கள் என்பது அவர் குறை. அடுத்த வாரமே கோபிசெட்டிபாளையத்திலிருந்து இன்னொருவர், நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தும் ஒரு போன் வந்தால் எடுத்துப் பேச நடுங்குகிறார்கள் என்று எழுதியிருந்தார். இரண்டு பேருடைய வருத்தமும் நியாயமானது, ஆனால் இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது அவிநாசிப் பக்கம் எங்கள் பகுதியில் குடியிருக்கும் ஒடிசா, பீகார்க் குடும்பத்துப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "வா, போ" விஷயம். ஒரு பனியன் கம்பெனியில் ஹெல்பராகவோ, துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்கோ சேர்ந்த ஒரு பையனிடம் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் தமிழில் யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். "டேய், அந்தக் கட்டை எடு." "இங்க வை." "பண்டலைத் தூக்கிட்டு வா." "பீஸ் எங்கடா?" "போ, லோடு வந்துருச்சு." "நிக்காத, நட." அவ்வளவுதான். டீ நேரத்தில் அவன் கூட்டாளிகளோடு அவன் மொழியில் பேசுகிறான், ரூமுக்குப் போனால் அங்கேயும் அதேதான். மளிகைக் கடையில் கையைக் காட்டினால் பொருள் வருகிறது, போனைக் காட்டினால் காசு போகிறது, வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. ஆக, அவன் காதில் விழுகிற தமிழ் முழுக்க ஏவல். அதை அவன் அட்சரம் பிசகாமல் கற்றுக்கொண்டு நமக்கே திருப்பிச் சொல்கிறான், உடனே நமக்குக் கோபம் வருகிறது.

அவனுக்கு மரியாதை தெரியாது என்று நினைப்பது பெரிய அநியாயம். ஒடியாவில் முன்னால் நிற்பவரைக் குறிக்க "ஆபணொ", "துமே", "து" என்று மூன்று படி இருக்கிறது, இந்தியிலும் "ஆப்", "தும்", "தூ" என்று அதே மூன்று. நம்மிடம் இருக்கும் "நீ", "நீங்க" என்ற இரண்டைவிட அவர்களிடம் ஒரு படி கூடவே இருக்கிறது. தன் ஊரில் பெரியப்பாவைப் பார்த்து "து" என்று சொன்னால் என்ன ஆகும் என்று அந்தப் பையனுக்கு நன்றாகவே தெரியும். தமிழில் அந்த மரியாதை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் அவனிடம் யாரும் "வாங்க, உக்காருங்க, சாப்டீங்களா" என்று பேசியதே இல்லை. கேட்காத பேச்சை எப்படிப் பேசுவான்?

இதே கதைதான் நம் பள்ளிக்கூடத்து இங்கிலீஷிலும். ஒரு கிராமத்துப் பிள்ளை தன் வாயால் சொல்கிற இங்கிலீஷ் என்னென்ன என்று யோசியுங்கள். "மே ஐ கம் இன் சார்", "எஸ் மிஸ்", "குட் மார்னிங்", அப்புறம் மனப்பாடப் பாட்டு. காதில் விழுவது "ஸ்டேண்ட் அப்", "கீப் கொயட்", "ஓப்பன் யுவர் புக்". மறுபேச்சே கிடையாது. கடைக்காரரிடம் சண்டை போட, கூட்டாளியைச் சமாதானம் செய்ய, வழி கேட்க, கதை சொல்ல, முடியாது என்று பக்குவமாகச் சொல்ல, இதற்கெல்லாம் இங்கிலீஷ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பனியன் கம்பெனிப் பையனுக்குத் தமிழில் எப்படி ஒரு வகைப் பேச்சு மட்டும் கிடைத்ததோ, அதேபோல நம் பிள்ளைக்கு இங்கிலீஷில் கிடைத்தது வகுப்பறைப் பேச்சு மட்டும்.

பேச்சு வகை என்று நான் சொல்வது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. மிகயீல் பக்தின் என்று ஒரு ரஷ்ய அறிஞர், 1895-இல் பிறந்து 1975-இல் இறந்தவர், 1952, 53 வாக்கில் இதைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார், அது அச்சில் வந்தது அவர் போன பிறகுதான். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொன்னால் இப்படி வரும்: இலக்கணப் புத்தகத்தில்தான் வாக்கியம் இருக்கிறது, வாழ்க்கையில் இருப்பது ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதும் அவர் திருப்பிச் சொல்வதும். ஒவ்வொரு சோலிக்கும் ஒவ்வொரு வகைப் பேச்சு காலப்போக்கில் உருவாகி நிற்கிறது. வணக்கம் சொல்வதற்கு ஒன்று, கணக்குக் கேட்பதற்கு ஒன்று, துக்கம் விசாரிப்பதற்கு ஒன்று, பட்டாளத்தில் உத்தரவு போடுவதற்கு ஒன்று. எப்படித் தொடங்க வேண்டும், எவ்வளவு நீளம் பேசலாம், எந்த இடத்தில் எதிராளிக்கு விட வேண்டும், எப்படி முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வகைக்குள்ளேயே இருக்கிறது. நாம் தாய்மொழியை வார்த்தை வார்த்தையாகக் கற்றுப் பிறகு ஒட்டவைப்பதில்லை, இந்த வகைகளாகத்தான் கற்கிறோம். இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு மொழியை அற்புதமாகக் கையாள்கிறவர்கள்கூடச் சில இடங்களில் வாயடைத்து நிற்பார்கள், அந்த இடத்துக்கான பேச்சு வகை பழக்கத்தில் இல்லாததுதான் காரணம், வார்த்தைப் பஞ்சம் இல்லை என்றார்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். தமிழில் எம்.ஏ. படித்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கறவை மாட்டை விலை பேசச் சொல்லுங்கள். அவர் நேராகப் போய் "இது என்ன விலைங்க?" என்பார். விற்கிறவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொல்லி அப்படியே நிறுத்திவிடுவார். சந்தைப் பேச்சு அப்படிப் போகாது. முதலில் மாட்டைச் சுற்றி வர வேண்டும், பல்லைப் பார்க்க வேண்டும், எத்தனாம் ஈத்து, எந்த ஊர்த் தண்ணி குடிச்ச மாடு என்று விசாரிக்க வேண்டும், ஒன்றிரண்டு குறை சொல்ல வேண்டும், அந்தக் குறையும் விற்கிறவருக்கு மனசு நோகாத அளவில் இருக்க வேண்டும். அப்புறம் தரகர் நடுவில் வந்து தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை, துண்டுக்கு மேலே வாயில் "என்னுங்க, ஆச்சுங்களா?", "இன்னும் கொஞ்சம் ஏத்துங்கொ", "அட, கட்டாதுங்க". சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கு ஒரு பைசாகூடக் காதில் விழாது. கை விட்டால் பேச்சு முடிந்தது, அச்சாரம் கொடுத்தால் மாடு கைமாறியது. அந்த எம்.ஏ. படித்தவருக்குத் தெரியாத தமிழ் வார்த்தை இதில் ஒன்றாவது இருக்கிறதா? ஆனாலும் அவரால் அங்கே பேச முடியாது. படிப்பே இல்லாத தரகர் அங்கே ராஜா, அதே தரகர் தாலுகா ஆபீஸில் ஒரு மனு எழுத ஆள் தேடுவார்.

நம் தாய்மொழியிலேயே நிலவரம் இப்படி இருக்கும்போது, வந்த மொழியில் ஒருவனுக்கு "நான் கடைக்குச் செல்கிறேன், நீ கடைக்குச் செல்கிறாய், அவன் கடைக்குச் செல்கிறான்" என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினால் அவன் எங்கே போய் அதைப் பேசுவான்? முப்பது நாளில் தமிழ் என்று விற்கும் புத்தகங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. அதிலும் பாதி வாக்கியம் திருப்பூரில் யாருமே வாயால் சொல்லாத எழுத்துத் தமிழ்.

எங்கள் தெருவில் ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒடிசாப் பையன் ஒருவன், நல்ல வேலைக்காரன், ஓவர்லாக் தையல் மிசின் ஓட்டுகிறவன். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்து, செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சூப்பர்வைசரிடம் போய் "எனக்கு விடுமுறை வேண்டும், பத்து நாள்" என்றான். இலக்கணத்தில் குற்றமே சொல்ல முடியாத வாக்கியம். சூப்பர்வைசருக்கு அது அதிகாரமாகப் பட்டது. "வேணும்னா? நீ கேட்டா உடனே குடுத்தர்றதா? ஏத்துமதி நேரத்துல பத்து நாளா?" என்று கத்த, பையன் முகம் தொங்கிப்போய் மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் ரயில் ஏறிவிட்டான். அப்புறம் என்ன, "இவனுங்களை நம்ப முடியாது, சொல்லாமல் ஓடிருவானுங்க" என்று ஒரு பேச்சு.

அதே லீவை நம் ஊர்ப் பையன் கேட்டால் எப்படிக் கேட்பான்? வேலை நடுவில் போக மாட்டான், டீ நேரம் பார்த்துப் போவான். "அண்ணா" என்று ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்துவான். அவர் நிமிர்ந்து பார்த்து "ஏண்டா?" என்ற பிறகுதான் அடுத்தது. "ஊர்லிருந்து போன் வந்துதுங்ணா. அம்மாவுக்கு மேலுக்கு முடியலியாமா. ஆசுபத்திரில சேத்திருக்காங்களாம்." இங்கே கொஞ்சம் நிறுத்துவான், அவர் "அடடா, என்னாச்சாமா?" என்று கேட்க இடம் விடுவான். அவர் கேட்பார். இவன் சொல்வான். "நான் ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்தர்றனுங்ணா. என்ற மிசின்ல நம்ம பக்கத்து ரூம் பையன் நாலு நாளைக்கு ஓட்டிக்கிறங்கிறான்." கடைசி வரைக்கும் லீவு என்ற வார்த்தை வரவே இல்லை பாருங்கள். காரணம் முதலில், வேலைக்கு மாற்று ஏற்பாடு அடுத்து, திரும்பி வருவேன் என்பது உள்ளேயே இருக்கிறது, அனுமதி கேட்பது சொல்லாமல் சொன்னதாக நிற்கிறது. "சரி, போயிட்டு வெரசா வந்துரு" என்று அவர் வாயில் வர வேண்டியது தானாக வருகிறது. இந்த முழுப் பேச்சையும், அதில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது உட்பட, அந்த ஒடிசாப் பையனுக்கு ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். வினைத்திரிபு அட்டவணை முழுக்க மனப்பாடம் செய்தாலும் இது வராது.

யாரிடம் பேசுகிறோம் என்பதில் பேச்சு மாறும் என்பது நமக்கு ஒன்றும் ரஷ்யாவிலிருந்து வந்துதான் தெரிய வேண்டும் என்பதில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு மூன்றும் கேட்டுப் பெறுகிற சொற்கள் என்று சொல்லிவிட்டு, "ஈ என் கிளவி இழிந்தோன் கூற்றே", "தா என் கிளவி ஒப்போன் கூற்றே", "கொடு என் கிளவி உயர்ந்தோன் கூற்றே" என்று யார் யாரிடம் கேட்பது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. மேல் கீழ் என்ற அந்தப் பாகுபாடு எனக்கு உவப்பில்லை, ஆனால் கேட்பவரையும் கேட்கப்படுபவரையும் விட்டுவிட்டுச் சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாது என்பதை எவ்வளவு தெளிவாகப் பிடித்திருக்கிறார்கள். ஒருவரைப் பன்மையில் மரியாதையாகச் சொல்வதைப் பற்றியும் அதே அதிகாரத்தில் இருக்கிறது, அது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண வழியில் சேர்ந்தது அல்ல என்று. இப்படி ஒரு இலக்கணத்தை வைத்துக்கொண்டு நாம் வெளியூர்க்காரருக்கு எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மட்டும் நடத்துகிறோம்.

வேண்டாம் என்று சொல்வது இதைவிடச் சிக்கல். கொங்கு நாட்டில் முகத்துக்கு நேராக "முடியாது" என்று யாரும் சொல்வது அபூர்வம். என் வகுப்புக்கு வரும் ஒரு பெண், ஊரிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது, ஒரு மாசம் எங்களோடு தங்கிக்கொள்ளலாமா என்று வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் "பாக்கலாமுங்க" என்றார். அவள் சந்தோஷமாக வந்து தங்கையை டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாள். அவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய அன்று பெரிய சண்டை. வீட்டுக்காரர் பொல்லாதவர் இல்லை, தான் மறுத்துவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு "எப்ப வர்றாங்க?" என்று அவர் கேட்கவில்லை, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார், உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இந்த மூன்றும் சேர்ந்தால் மறுப்பு. "பாக்கலாமுங்க, எப்ப வர்றாங்க, எத்தன பேருங்க?" என்று தொடர்ந்திருந்தால் சம்மதம். இதை எந்த அகராதியிலும் தேட முடியாது. வகுப்பில் இரண்டு பேரை எதிரும் புதிருமாக உட்காரவைத்து, ஒருவரை மறுக்கவும் இன்னொருவரை அதைக் கண்டுபிடிக்கவும் சொல்லித்தான் பழக்கினேன். அடுத்த வாரமே அந்தப் பெண் சீட்டுப் பிடிக்க வந்த ஒருத்தியிடம் "பாக்கலாமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டதாக வந்து சொன்னாள்.

வகுப்புப் பெண்கள் துக்க வீட்டைப் பற்றியும் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா இறந்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல் போகாமலே இருந்துவிட்டார்களாம், அதை அந்த வீட்டார் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். அங்கே போனால் பேசவே வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், கிளம்பும்போது மட்டும் "போயிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிடக் கூடாது, சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்றேன். வாயே திறக்காத இதுவும் தமிழில் ஒரு பேச்சு வகைதான் என்று நான் நினைக்கிறேன், தமிழ்ப் பாடத்தில் இதற்கும் இடம் வேண்டும்.

ஆசுபத்திரி எல்லாவற்றிலும் எளிது, ஆனால் அதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. டாக்டர் என்ன கேட்பார் என்பது ஏறத்தாழ எல்லோருக்கும் தெரிந்த வரிசை: என்ன பண்ணுது, எத்தனை நாளா, காய்ச்சல் இருக்கா, பசி எடுக்குதா, ஏதாவது மாத்திரை போட்டீங்களா, சுகர் பிரஷர் உண்டா. இந்த ஆறேழு கேள்வியும் அதற்கான பதிலும் வந்துவிட்டால் ஒரு பெண் தனியாகப் போய்த் தன் உடம்பைத் தானே காட்டிக்கொள்ளலாம். இப்போது நடப்பது என்ன? நம் அரசுப் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு படிக்கும் தன் மகளைப் பள்ளிக்கு லீவு போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பிள்ளை தமிழைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறது, உண்மை. ஆனால் அம்மாவின் மாதவிலக்குப் பிரச்சினையை அந்தப் பத்து வயசுப் பிள்ளை டாக்டரிடம் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா பாதியை மகளிடமே சொல்லாமல் மறைக்கிறாள், மருந்து பாதிக்குத்தான் கிடைக்கிறது. இதைப் பார்த்த பிறகுதான் எங்கள் வகுப்பில் முதல் பாடமாக ஆசுபத்திரியை வைத்தோம்.

2023 மார்ச் மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று எங்கெங்கோ எடுத்த வீடியோக்களைப் பொய்யாகப் போட்டுப் பரப்பினார்கள், திருப்பூரில் எத்தனையோ பேர் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறினார்கள். போலீஸும் மாவட்ட நிர்வாகமும் இந்தியில் பேசித் தைரியம் சொன்னார்கள், அது நல்ல காரியம். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் "ஏனுங்க்கா, இப்பிடிச் சொல்றாங்களே, நெசமாங்க?" என்று கேட்கிற அளவுக்கு ஒரு பேச்சுப் பழக்கம் அவர்களுக்கு இருந்திருந்தால் எத்தனையோ பேர் மூட்டையைக் கட்டியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஏவலும் அதற்குத் தலையாட்டலும் மட்டுமே தெரிந்தவர் சந்தேகம் கேட்க எங்கே போவார்?

இப்போது நம் பிள்ளைகளின் இங்கிலீஷுக்கு வருகிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசர், அதாவது ஆர்டர் விஷயங்களைக் கவனித்துக்கொள்கிறவன். சாயப் பட்டறையில் நிறத்தின் ஷேடு மாறிப்போய்த் துணி திரும்பவும் சாயம் போக வேண்டிய நிலை, சரக்கு கப்பலேறத் தாமதமாகும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதினான், அனுப்புமுன் எனக்குக் காட்டினான். "ரெஸ்பெக்டட் சார், வித் டியூ ரெஸ்பெக்ட் ஐ ஹம்ப்லி சப்மிட்" என்று தொடங்கி, பட்டறையில் என்ன நடந்தது, மழை, கரண்ட், ஆள் பற்றாக்குறை என்று நான்கு பத்தி எழுதி, கடைசி வரியில்தான் சரக்கு பத்து நாள் தாமதம் என்று போட்டிருந்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் பையருக்கு முதல் வரியில் வேண்டியது எந்த ஆர்டர், புதுத் தேதி என்ன என்ற இரண்டும்தான், காரணம் ஒரு வரியில், ஈடுகட்ட என்ன செய்கிறோம் என்பது இன்னொரு வரியில். நான்கு பத்தி காரணம் படிக்கிறவருக்கு நாம் எதையோ மறைக்கிறோம் என்ற சந்தேகம்தான் வரும். இந்தப் பையன் முட்டாள் இல்லை. சூப்பர்வைசரிடம் லீவு கேட்பதற்கு எது சரியோ, காரணம் முன்னால், விஷயம் பின்னால், அதையே அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோயிருக்கிறான். மேலே ஒரு மூடி மாதிரி பரீட்சை லெட்டரின் தலைப்பை வைத்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த வகைகள் அந்த இரண்டும்தான்.

பரீட்சை லெட்டர் என்று சொன்னேன். தெருவிளக்கு எரியவில்லை என்று அதிகாரிக்கு, உணவு விடுதியில் தரமில்லை என்று புகார், பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம், இதெல்லாம் பாடத்தில் இருக்கத்தான் செய்கிறது. பாடத்திட்டம் போட்டவர்கள் யோசிக்காமல் போடவில்லை. ஆனால் வகுப்பறையில் அது என்ன ஆகிறது? அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், நன்றி, இப்படிக்கு, உறைமேல் முகவரி, இத்தனைக்கு இத்தனை மார்க் என்று கட்டம் கட்டமாக ஆகிவிடுகிறது. அந்தத் தெருவிளக்கு உண்மையில் எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஒன்றுதான், அந்த அதிகாரி படிக்கப்போவதில்லை, படிப்பவர் விடைத்தாள் திருத்துகிறவர் மட்டும். படிக்க ஆள் இல்லாத கடிதம் கடிதமே ஆகாது. பிள்ளைகளை உண்மையிலேயே எரியாத ஒரு விளக்கைப் பற்றி உண்மையிலேயே ஊராட்சிக்கு எழுதவைத்தேன் ஒரு முறை. அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளைப் பார்க்க வேண்டுமே! "மிஸ், ரொம்பக் கோவமா எழுதுனா செய்வாங்களா, பணிவா எழுதுனா செய்வாங்களா?" "கம்பத்து நம்பரப் போடலாமா?" "எல்லாரும் கையெழுத்துப் போட்டா நல்லதா?" இந்தக் கேள்வி மூன்றும் ஒரு வருஷப் பாடத்துக்குச் சமம் என்பேன்.

மறுபடியும் பக்தினைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். அவர் பெரிய தத்துவக்காரர் என்று பல்கலைக்கழகங்களில் பேசுகிறார்கள், ஆனால் எனக்கு அவரிடம் ஒட்டுதல் வந்தது அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்ததால். நாடுகடத்தப்பட்டு, நோயில் ஒரு காலை இழந்து, யுத்த காலத்தில் வோல்கா நதிக்கரையில் ஒரு சின்ன ஊரில் ரயில்வே பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி நடத்தினார். 1945-இல் அங்கே இலக்கணம் நடத்திய அனுபவத்தைக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். மேல் வகுப்புக்கு வர வர மாணவர்களின் எழுத்து உயிரில்லாத புத்தக நடையாகிவிடுகிறது என்பது அவர் கவலை. அதற்கு அவர் எடுத்தது இணைப்புச் சொல் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் வாக்கியங்கள். நம் பேச்சில் சொன்னால், "மழை வந்துருச்சு, துணி காயல" என்பதைப் போல. இதை "மழை வந்த காரணத்தினால் துணி காயவில்லை" என்று மாற்றிக் காட்டி, இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, எது போனது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும், சொல்கிறவரின் குரல் போய்விட்டது என்று. அதே முறையில்தான் அவர் ரஷ்ய வரிகளை எடுத்து வகுப்பில் நடத்தினார். பிள்ளைகளின் கட்டுரையில் அந்த நடை வர ஆரம்பித்ததாகவும் எழுதியிருக்கிறார். ஆகவே இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். இலக்கணத்தைப் பேசுகிற ஆளோடு சேர்த்து நடத்துங்கள் என்கிறேன்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு, அதை ஏன் மறந்தோம் என்று தெரியவில்லை. என்.எஸ். பிரபு என்ற பேராசிரியர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களில் சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணப் பாடத்தை வரிசையாக நடத்தாமல், ஒரு ரயில் கால அட்டவணையைக் கையில் கொடுத்து இந்த ஊருக்கு இத்தனை மணிக்குள் போக எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று யோசிக்கவைப்பது, ஒரு வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லவைப்பது என்று வேலையை முன்னால் வைத்து இங்கிலீஷைப் பின்னால் வரவைத்தார். உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சிகளில் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் ஒரே ஒரு குறை, புதிர் அவிழ்ப்பது நன்றாக வரும், ஆனால் ஆளுக்கு ஆள் பேச்சு மாறுகிற அந்தப் பழக்கம் அதில் போதாது.

அந்தப் போதாமைக்கு ஆஸ்திரேலியாவில் வழி கண்டிருக்கிறார்கள். 1980-களில் சிட்னியில் ஜிம் மார்ட்டின், ஜோன் ராதரி போன்றவர்கள், குடியேறி வந்தவர்கள், ஏழைகள் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் வேலை செய்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அறிக்கை எப்படி எழுதுவது, வாதம் எப்படி வைப்பது என்பது வீட்டிலேயே காதில் விழுகிறது, மற்றப் பிள்ளைக்கு அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. முறை ரொம்ப எளிது. ஒரு நல்ல மாதிரியை எடுத்து எல்லோரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்பது, இது எதற்கு, யாருக்கு, முதலில் என்ன, அடுத்து என்ன என்று. அப்புறம் ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து கரும்பலகையில் ஒன்றை எழுதுவது. அதற்கப்புறம்தான் தனியாக எழுதவிடுவது. நாம் இரண்டாவது படியைத் தாண்டிவிட்டு, மாதிரியைக் கொடுத்த கையோடு "நீயே எழுது" என்று விட்டுவிடுகிறோம், பிள்ளை மாதிரியையே மனப்பாடம் செய்கிறது.

2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பாடம். ஒடியா பேசும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு அது இரண்டாவது மொழி, சில சமயம் மூன்றாவது. ஆனால் தாய்மொழிக்காரப் பிள்ளைக்கு இருக்கிற அதே புத்தகம், அதே செய்யுள், அதே பரீட்சை. நம் பிள்ளைக்கு வீட்டில் தாத்தா பாட்டியான அப்புச்சியும் அமுச்சியும் ஏற்கெனவே கொடுத்த பேச்சின் மேல் புத்தகம் ஏறுகிறது, அந்தப் பிள்ளைக்கு அடியில் ஒன்றுமில்லை. முதல் இரண்டு வருஷமாவது அந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழில் விளையாட, சண்டை போட, கதை சொல்ல ஒரு மணி நேரம் தனியாக வேண்டும். கொச்சையைப் பள்ளிக்கூடத்தில் நடத்துவதா என்று முகம் சுளிப்பவர்கள் வீட்டில் என்ன தமிழ் பேசுகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளட்டும். எழுத்துத் தமிழ் பின்னாலேயே வரும், வந்தே ஆக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் வகுப்பு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை, வைத்தால் மிக நல்லது. அதற்கு முன்னால் உங்கள் சூப்பர்வைசர்கள், காண்ட்ராக்டர்களிடம் சொல்லி அந்த "டேய்"-யை நிறுத்துங்கள். "தம்பி, இதை எடுத்துட்டு வாங்க" என்று ஆறு மாசம் பேசிப் பாருங்கள், அவர்களும் "வாங்க, போங்க" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள், செலவு ஒரு பைசா இல்லை. டீ நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து ஊர் எது, கல்யாணம் ஆயிருச்சா, அங்கே மழை எப்படி என்று கேளுங்கள். ஏவல் இல்லாத தமிழ் ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒன்று கேட்கிறேன். வாரம் ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி ஒரு முழுப் பேச்சைப் போடுங்கள். லீவு கேட்பது, வாடகைக்கு வீடு கேட்பது, டாக்டரிடம் சொல்வது, ரேஷன் கடையில் விசாரிப்பது, பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது, போலீஸ் ஸ்டேஷனில் போன் தொலைந்ததைச் சொல்வது. திருப்பூரில் பேசுகிற தமிழிலேயே போடுங்கள், பக்கத்தில் இந்தி எழுத்திலும் ஒடியா எழுத்திலும் அதே தமிழ் உச்சரிப்பைக் கொடுங்கள். அதே போல இன்னொரு வாரம் நம் பிள்ளைகளுக்காக இங்கிலீஷில் ஒரு முழு மெயில், ஒரு முழு போன் பேச்சு, யார் யாருக்கு எதற்காகச் சொல்கிறார்கள் என்ற விளக்கத்தோடு. எழுதிக்கொடுக்க ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இந்தச் சீமையில் இருக்கிறோம், காசு வேண்டாம்.

வேறு ஊர்களில் யாராவது இப்படி ஒரு வகுப்பு ஆரம்பிக்க நினைத்தால் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சம்பளம் போட்டு ராத்திரி நேரமாகித்தான் வருவார்கள், ஞாயிறு காலை கறி எடுக்க, துணி துவைக்க, ஊருக்குப் பணம் போட என்று போய்விடும். மதியம் சாப்பிட்டு மூன்று மணிக்கு மேல் வைத்தால்தான் பெண்கள் வருவார்கள், கைக்குழந்தையோடு வருவார்கள், அதற்கு ஒரு தொட்டில் கட்ட இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆகவே ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடங்குவது தோது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
அவிநாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.